விசா மறுத்துவிட்டார்களா? முதலில் அதிகாரி எழுதிய குறிப்பை வாங்குங்கள்

"அண்ணே, அங்க நமக்குத் தெரிஞ்ச ஆளு யாராவது இருக்காங்களா?"

காட்பாடியில் என் டைப்பிங் கடைக்கு மறுப்புக் கடிதத்தோடு வருகிறவர்கள் கேட்கும் முதல் கேள்வி இதுதான். நான் முன்னே சத்துவாச்சாரியில் மரத்தடியில் மேசை போட்டு மனு எழுதியவன். எந்த மனுவானாலும் ஒரு சிபாரிசுக் கடிதத்தைச் சேர்த்துக் குத்தினால்தான் நம் ஜனங்களுக்கு நிம்மதி. விசாவில் அந்தக் கடிதத்தை யாரும் சீண்ட மாட்டார்கள். உங்கள் ஃபைலைப் படிப்பவர் முன்பின் தெரியாதவர். சென்னையில் விசா மனுக்களை வாங்கும் வி.எஃப்.எஸ். மையத்தில் காகிதம் வாங்கிக் கைரேகை எடுப்பவருக்கும் முடிவில் பங்கு கிடையாது. ஓரவஞ்சனை என்று பேச்செடுப்பதற்கு முன்னால், அந்தத் தெரியாத ஆள் என்ன எழுதி வைத்தார் என்று பாருங்கள்.

என்னிடம் வருவதில் பாதி கனடா ஃபைல்கள், அதனால் அதையே சொல்கிறேன். மறுப்புக் கடிதத்தில் இருப்பது எல்லோருக்கும் போகும் வாசகம்: படிப்பு முடிந்ததும் நீங்கள் நாடு திரும்புவீர்கள் என்பதில் திருப்தி இல்லை. அதை வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாது. அதிகாரி கம்ப்யூட்டரில் பதிந்த குறிப்பு தனி, ஜி.சி.எம்.எஸ். நோட்ஸ் என்பார்கள். 2025 ஜூலைக்கு அப்புறம் பல மறுப்புக் கடிதங்களோடு முடிவுக்கான குறிப்பும் சேர்ந்தே வருகிறது. வராவிட்டால் கனடாவின் தனியுரிமைச் சட்டப்படி இங்கிருந்தே ஆன்லைனில் கேட்கலாம். 2022-லிருந்து வெளிநாட்டில் இருப்பவர்களுக்கும் அந்த உரிமை உண்டு, கட்டணம் இல்லை. இதற்கு ஏஜென்ட் ஐயாயிரம் கேட்டால் எழுந்து வந்துவிடுங்கள்.

குறிப்பை பிரிண்ட் எடுத்துப் பென்சிலோடு உட்காருங்கள். நான் ஒவ்வொரு வரிக்கும் ஓரத்தில் ஓர் எழுத்து போடுவேன். 'ந' என்றால் நம்ம தப்பு. 'பா' என்றால் நாம் வைத்ததைப் பார்க்கவில்லை. 'ஆ' என்றால் காகிதத்தை விட்டுவிட்டு ஆளைப் பார்த்து எழுதியது.

அணைக்கட்டுப் பக்கத்துப் பையன் ஒருவன். கணக்கில் ஒரே நாளில் 14 லட்சம் விழுந்திருந்தது. "பணம் வந்த வழி தெளிவாக இல்லை" என்று குறிப்பு. அவன் அப்பாவுக்கு ஒரே ஆத்திரம்: "நிலத்தை வித்த காசுங்க, களவா பண்ணோம்?" ஃபைலைத் திறந்தேன். கிரயப் பத்திரம் இருந்தது. தமிழில், மொழிபெயர்ப்பு இல்லாமல், முதல் பக்கம் தலைகீழாக ஸ்கேன் ஆகி. எவ்வளவு நேர்மையான ஆளாக இருந்தாலும் அதிலிருந்து என்ன புரியும்? பென்சிலால் 'ந' போட்டேன். மொழிபெயர்ப்போடு, பத்திரத் தொகையையும் வங்கியில் வரவான தேதியையும் அருகருகே காட்டும் ஒரு பக்கக் கடிதமும் வைத்து மறுபடி போட்டோம். என் மேசையில் விழும் பென்சில் குறிகளில் பெரும்பாலும் இந்த 'ந'தான்.

'பா' கொஞ்சம் கனமானது. நீங்கள் வேலை பார்க்கும் ஆஸ்பத்திரி கொடுத்த விடுப்புக் கடிதம் ஃபைலில் இருக்கும்போதே "ஊரில் நிலையான வேலை இல்லை" என்று எழுதி, அந்தக் கடிதத்தைப் பற்றி ஒரு வார்த்தையும் இல்லாவிட்டால் அது வாதாடக்கூடிய குறை. எதிரான முக்கிய ஆதாரத்தைத் தொடாமல் முடிவு எழுதுவதைக் கனடா நீதிமன்றங்கள் ஏற்பதில்லை. அப்புறம், ஒரு ஆவணம் போலி என்று சந்தேகம் வந்தால் உங்களிடம் கேட்காமல் அதை வைத்து முடிக்கக் கூடாது. ஃபேர்னஸ் லெட்டர் அனுப்பி விளக்கம் கேட்க வேண்டும். அந்தக் கடிதம் வந்தால் கெடுவுக்குள் பதில் போடுங்கள்; பொய்த் தகவல் என்று முடிவானால் ஐந்து வருஷம் கனடா பக்கமே போக முடியாது. ஆனால் ஆதாரம் போதவில்லை என்பதற்கு அப்படிக் கேட்க வேண்டிய கடமை அவருக்கு இல்லை. இங்கேதான் பலர் குழம்புகிறார்கள்.

'ஆ' அபூர்வம். சட்டத்தில் இதற்குப் பெரிய உதாரணம் மேவிஸ் பேக்கர் வழக்கு. 1981-ல் கனடா வந்து வீட்டு வேலை செய்த ஜமைக்காப் பெண் அவர். அதிகாரியின் குறிப்பில் அவருடைய பிள்ளைகளின் எண்ணிக்கை ஆங்கிலப் பெரிய எழுத்துகளில் இருந்தது. அரசு நலத்திட்டங்களுக்கு வாழ்நாள் பூராவும் பாரமாக இருப்பார் என்று ஒரு வரி. விவரம் தெரிந்த ஒரு வெளியாள் படித்தால் பாரபட்சம் என்று நினைக்க நியாயமான இடம் இருக்கிறதா என்பதுதான் அளவுகோல். 1999-ல் கனடா உச்ச நீதிமன்றம் இருக்கிறது என்றது. உங்கள் குறிப்பில் "இளவயது, திருமணமாகவில்லை, குழந்தை இல்லை" என்பது மட்டுமே காரணமாக இருந்தால் அதற்கும் 'ஆ' போடுங்கள். படிக்கப் போகும் பிள்ளை வேறு எப்படி இருக்கும்? கூட்டாட்சி நீதிமன்றம் பல தீர்ப்புகளில் இதைக் கண்டித்திருக்கிறது. தெரிஞ்ச ஆள் வேண்டும் என்று நாம் தேடுவதும் இதே ரகம்தான். நமக்குச் சாதகமாக இருப்பதால் உறுத்துவதில்லை.

'ந' மட்டும் என்றால் திருத்தி மறுபடி போடுங்கள். 'பா', 'ஆ' இருந்தால் கனடா வக்கீலிடம் காட்டுங்கள். ஜெயித்தாலும் நீதிபதி விசா தர மாட்டார், பெரும்பாலும் ஃபைலை வேறு அதிகாரிக்குத் திருப்பி அனுப்புவார்.

பிரிட்டன் மாணவர் விசா என்றால் இங்கிருந்து மறுபரிசீலனை கேட்க 28 நாள், 80 பவுண்டு. அமெரிக்காவில் 214(பி) என்ற சட்டப் பிரிவில் வரும் மறுப்புக்கு மேல்முறையீடு கிடையாது. குடியேறத்தான் வருகிறீர்கள் என்ற அனுமானத்தில்தான் சட்டமே தொடங்குகிறது. பிரிட்டனில் நாட்டைக் கணக்கில் எடுத்து விண்ணப்பங்களைச் சிவப்பு, மஞ்சள், பச்சை என்று பிரிக்கும் ஒரு கம்ப்யூட்டர் முறை இருந்தது. வழக்குப் போட்ட பிறகு 2020-ல் கைவிட்டார்கள்.

கடைசியாகத் தேதி. வெளிநாட்டில் எடுத்த முடிவை எதிர்த்துக் கனடா நீதிமன்றத்தில் வழக்குப் போட அனுமதி கேட்க 60 நாள்தான். நோட்ஸ் வரவே ஒரு மாதம் ஓடிவிடலாம். கடிதம் வந்த அன்றே தினசரிக் காலண்டரில் ஐம்பதாவது நாள் தாளை மடித்து வைத்துவிடுங்கள்.