வயதானவர் காரணமில்லாமல் மெலிந்தால் என்ன செய்வது

"வயசானா உடம்பு வத்தத்தான் செய்யும்" என்று பலரும் விட்டுவிடுகிறார்கள். வயதோடு குறையும் எடை வருஷக்கணக்கில் மெல்லத்தான் குறையும். எடையைக் குறைக்க முயற்சி எதுவும் செய்யாமலே, ஆறு மாதம் முதல் ஒரு வருடத்துக்குள் மொத்த எடையில் 5 சதவீதம் போயிருந்தால் காரணம் தேட வேண்டும். 60 கிலோ இருந்தவருக்கு அது 3 கிலோ. 45 கிலோ பாட்டிக்கு இரண்டேகால் கிலோதான்.

வாரம் ஒருநாள், காலையில் சிறுநீர் கழித்தபின், வெறும் வயிற்றில், ஒரே மிஷினில் எடை பாருங்கள். மிஷின் பாய்மேல் இல்லாமல் கெட்டித் தரையில் இருக்கட்டும். பழைய எடை தெரியாவிட்டால் பழைய மருத்துவச் சீட்டுகளில் தேடுங்கள்; தொளதொளத்த ரவிக்கை, கழன்று விழும் மோதிரமும் சாட்சிதான். கால் வீங்கியிருந்தால் மிஷினை நம்பாதீர்கள், நீர் கோர்த்து மெலிவை மறைத்துவிடும்.

அடுத்து மூன்று நாள், தட்டில் வைத்ததை விட்டுவிட்டு, உள்ளே போனதை மட்டும் எழுதுங்கள். பசியே இல்லையா, பசித்தும் சாப்பிட முடியவில்லையா, நன்றாகச் சாப்பிட்டும் இளைக்கிறாரா என்பது அதில் தெரிந்துவிடும்.

நன்றாகச் சாப்பிட்டும் இளைத்தால் சர்க்கரை, தைராய்டு, சத்து உறிஞ்சாத குடல் ஆகியவற்றைச் சந்தேகிக்கலாம். தைராய்டு அதிகமானாலும் முதியவர்களுக்குக் கை நடுக்கமோ வியர்வையோ வராமல் சோர்வும் படபடப்பும் மட்டும் இருக்கலாம். சாப்பிட முடியாதவருக்கு முதலில் வாயைத் திறந்து பாருங்கள்: ஆடும் பல், பொருந்தாத பல்செட், வெள்ளைப் படலம். பசியே இல்லாதவருக்குக் காசநோய், புற்றுநோய், மனச்சோர்வு என்று பட்டியல் நீளும். சர்க்கரைக்குத் தரும் மெட்ஃபார்மின், இதயத்துக்குத் தரும் டிகாக்சின், மறதிக்குத் தரும் டோனெபெசில் போன்ற மாத்திரைகளும் பசியைக் கெடுக்கும். நீங்களாக நிறுத்தாதீர்கள், எல்லா மாத்திரைகளையும் ஒரு பையில் போட்டு டாக்டரிடம் கொண்டுபோங்கள்.

மலச்சிக்கலும் பசியைக் கெடுக்கும். இறுகிய மலத்தைச் சுற்றி நீர் கசிவதைப் பேதி என்று நினைத்துப் பேதியை நிறுத்தும் மாத்திரை கொடுத்தால் இன்னும் இறுகும். கடையில் வாங்கிய கேஸ் மாத்திரையை மாதக்கணக்கில் போடுவதும் ஆபத்து: இரைப்பைப் புற்றுநோயின் எரிச்சலையும் அது தணித்துக் காட்டும்.

சோறு நெஞ்சில் சிக்குவது, விடாத வாந்தி, மஞ்சள் காமாலை இருந்தால் தாமதிக்காதீர்கள். மலத்தில் ரத்தம், தார் போன்ற கருப்பு மலம் என்றால் அன்றே போங்கள். இரும்புச்சத்து மாத்திரையும் மலத்தைக் கருப்பாக்கும். ஆனால் பிசுபிசுப்பும் கடும் நாற்றமும் ரத்தத்துக்கு உரியவை. மூட்டுவலி மாத்திரை சாப்பிடுபவருக்கு வயிறு வலிக்காமலே புண்ணில் ரத்தம் கசியலாம். வயதான காலத்தில் புதிதாகச் சர்க்கரை வந்து எடையும் குறைந்தால், கணையத்தில் புற்றுநோய் உண்டா என்று பார்க்க வேண்டுமா என டாக்டரிடம் கேளுங்கள்.

ரத்த அணுக்கள், சர்க்கரை, சிறுநீரகம், கல்லீரல், தைராய்டு, மார்பு எக்ஸ்ரே, வயிற்று ஸ்கேன் என்று பெரும்பாலும் தொடங்குவார்கள். எல்லாம் சரியாக இருந்தால் உடனே ஸ்கேன்மேல் ஸ்கேன் வேண்டாம். எடைக் குறிப்போடு மூன்று மாதத்தில் மறுபடி காட்டுங்கள்.

நீர்த்த கஞ்சி வயிற்றை நிரப்புமே தவிர சத்து குறைவு. பாசிப்பருப்பு சேர்த்துக் கெட்டியாகக் காய்ச்சி, ஒரு டீஸ்பூன் நெய் விடுங்கள். கொஞ்சம் கொஞ்சமாக ஐந்தாறு வேளை கொடுங்கள். 50 கிலோ எடைக்கு நாளுக்கு 50 முதல் 60 கிராம் புரதம் தேவை. ஒரு முட்டையிலும் 200 மில்லி பாலிலும் தலா 6 கிராம் இருக்கும். சிறுநீரகக் கோளாறு உள்ளவருக்கு இந்த அளவை டாக்டர்தான் சொல்ல வேண்டும். பத்து நாளாக ஏறக்குறைய எதுவுமே சாப்பிடாதவருக்குத் திடீரென நிறைய ஊட்டாதீர்கள்: ரத்தத்தில் பாஸ்பேட், பொட்டாசியம் சரிந்து இதயத் துடிப்பு தடுமாறும். அவருக்கு ஆஸ்பத்திரியில்தான் உணவைத் தொடங்க வேண்டும்.