தனி வீடு கட்டுகிறவர்களுக்கு: ப்ளான் அனுமதி, கான்ட்ராக்ட், கான்கிரீட்

தமிழ்நாட்டில் பொதுப்பணித் துறை வேலை எடுக்கும் கான்ட்ராக்டர் வகுப்பு வாரியாகப் பதிவு செய்திருக்க வேண்டும். வயரிங் செய்யும் மின் ஒப்பந்ததாரருக்கு உரிமம் வேண்டும். வரைபடத்தில் கையெழுத்துப் போடும் பொறியாளரும் பதிவு பெற்றவராக இருக்க வேண்டும். ஆனால் உங்கள் மனையில், உங்கள் காசில் வீடு கட்டித் தரப்போகிற கான்ட்ராக்டருக்கு மட்டும் எந்த உரிமமும் தேவையில்லை. நேற்று வரை வேறு தொழில் பார்த்தவர் இன்றைக்கு 'பில்டர்ஸ்' என்று போர்டு மாட்டலாம்.

ரெரா இருக்கிறதே என்பார்கள். 2016-ம் ஆண்டின் அந்த ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டம், கட்டி விற்பவரைத்தான் கட்டுப்படுத்துகிறது. அதிலும் நிலம் 500 சதுர மீட்டருக்குள் இருந்தாலோ, வீடுகள் 8-க்குள் இருந்தாலோ பதிவு கட்டாயமில்லை. சொந்த மனையில் கான்ட்ராக்ட் விட்டுக் கட்டுவது அதன் எல்லைக்குள்ளேயே வராது. ஆகவே கான்ட்ராக்டரைக் கட்டுப்படுத்த உங்கள் கையில் இருப்பவை இரண்டுதான்: நீங்கள் எழுதும் ஒப்பந்தம், நீங்கள் சம்பளம் கொடுத்து வைக்கும் பொறியாளர். இந்த இரண்டிலும் மிச்சம் பிடிக்கப் பார்க்காதீர்கள்.

முதலில் மனை

ப்ளான் போடுவதற்கு முன் பத்திரம், பட்டா, வில்லங்கச் சான்று, எஃப்.எம்.பி. வரைபடம் (அரசின் நில அளவைப் புத்தகத்தில் உள்ள மனை வரைபடம்) நான்கையும் ஒன்றாக வைத்து அளவுகளை ஒப்பிடுங்கள். பத்திரத்தில் 40 அடி, எஃப்.எம்.பி.யில் 38 அடி என்று இருப்பது சாதாரணம். அந்த 2 அடியை இப்போதே சர்வேயரை வைத்து அளந்து தீர்க்காவிட்டால், நீங்கள் விட்டதாக நினைக்கும் பக்க இடைவெளி பின்னால் பக்கத்து மனைக்குச் சொந்தமாகிவிடும். மனை அங்கீகாரம் பெற்ற லேஅவுட்டில் இருக்கிறதா என்றும் பாருங்கள். அங்கீகாரமற்ற மனையாக இருந்தால், அப்படிப்பட்ட மனைகளை முறைப்படுத்தும் 2017-ம் ஆண்டின் வரன்முறைத் திட்டம் 2016 அக்டோபர் 20 அல்லது அதற்கு முன் பத்திரப்பதிவான மனைகளுக்கானது. விற்றவர் வரன்முறை ஆணை வாங்கியிருந்தால் அதன் நகலை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

மனைக்கு மேலேயோ ஓரமாகவோ மின்கம்பி போனால் அதையும் இப்போதே அளக்க வேண்டும். வீடுகளுக்கு வரும் தாழ்வழுத்தக் கம்பியிலிருந்து கட்டடம் மேல்வாக்கில் 2.5 மீட்டர், பக்கவாக்கில் 1.2 மீட்டர் தள்ளியிருக்க வேண்டும். 11 கே.வி. கம்பி என்றால் மேல்வாக்கில் 3.7 மீட்டர், பக்கவாக்கில் 1.2 மீட்டர். பால்கனியும் சன்ஷேடும் இந்தக் கணக்கில் உண்டு. முதல் மாடி பால்கனியிலிருந்து கையெட்டும் தூரத்தில் கம்பி போகும் வீடுகள், இதைத் தரைத்தளத்தோடு அளந்து நிறுத்தியதால் வந்தவை.

அனுமதி: எந்த வழி?

2019-ல் வந்த தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள்தான் இப்போது மாநிலம் முழுவதற்கும் அடிப்படை. மாநகராட்சிக்கு ஒன்று, ஊராட்சிக்கு ஒன்று என்று தனித்தனி விதிகள் இருந்த காலம் போய்விட்டது. 18.3 மீட்டர் உயரம் வரை இருப்பதை இந்த விதிகள் 'உயரமில்லாக் கட்டடம்' என்கின்றன. அதற்குத் தளப்பரப்புக் குறியீடு 2, அதாவது 2,400 சதுர அடி மனையில் எல்லாத் தளமும் சேர்த்து 4,800 சதுர அடி. ஆனால் இந்த எண்ணை மட்டும் பார்த்துக் கணக்குப் போடக்கூடாது. முன், பக்க, பின் இடைவெளிகளை விட்டபின் மிஞ்சும் இடம்தான் உங்கள் கையில் இருப்பது. முன் இடைவெளி சாலையின் அகலத்தைப் பொறுத்து மாறும் என்பதால், சாலையைக் கழிவுநீர்க் கால்வாயோடு சேர்த்து அளந்து, பத்திரத்தில் உள்ள அகலத்தோடு ஒப்பிட்டபின் ப்ளான் வரையச் சொல்லுங்கள்.

சிறிய வீட்டுக்கு 2024 ஜூலையில் சுயசான்று முறை வந்தது. மனை 2,500 சதுர அடிக்குள், கட்டடம் தரைத்தளமும் முதல் தளமுமாக 3,500 சதுர அடிக்குள் என்றால், ஒற்றைச் சாளர இணையதளத்தில் விண்ணப்பித்துக் கட்டணம் செலுத்தியதும் அனுமதி கிடைத்துவிடும். அனுமதிக்கு முன் கள ஆய்வு கிடையாது. வேலை முடிந்தபின் நிறைவுச் சான்றும் வேண்டியதில்லை.

இது பெரிய வசதிதான். ஆனால் இதன் மறுபக்கத்தைப் பலர் கவனிப்பதில்லை. யாரும் வந்து பார்க்கவில்லை என்றால், தவறு இருந்தாலும் யாரும் சொல்லப்போவதில்லை. கொடுத்த விவரங்கள் உண்மை என்று கையெழுத்துப் போட்டவர் நீங்கள். அளவு தவறாக இருந்து பக்கத்து வீட்டுக்காரர் புகார் கொடுத்தால் அனுமதியே ரத்தாகும். பழைய முறையில் அலுவலகத்தில் பிடிபட்டிருக்கும் பிழை, இதில் ரூஃப் போட்டபின் பிடிபடும்.

அனுமதிக் கட்டணத்தோடு கட்டுமானத் தொழிலாளர் நல நிதியும் வசூலிக்கிறார்கள். அது மதிப்பிட்ட கட்டுமானச் செலவில் 1 சதவீதம். மழைநீர் சேகரிப்பு 2003 முதல் எல்லாக் கட்டடத்துக்கும் கட்டாயம். அதை ப்ளானில் காட்டிவிட்டுக் கடைசியில் செய்துகொள்ளலாம் என்று விட்டால், போர்ட்டிகோ டைல்ஸை உடைத்துத்தான் குழாய் புதைக்க வேண்டியிருக்கும். பேஸ்மட்டம் நிரப்பும்போதே குழாயைப் போடச் சொல்லுங்கள்.

அனுமதி வாங்கிய ப்ளானை மீறுவது பெரும்பாலும் மூன்று இடங்களில் நடக்கிறது. வெளிப்படிக்கட்டு பக்க இடைவெளிக்குள் வருவது, பால்கனி முன்னால் நீள்வது, மொட்டை மாடியில் ஓர் அறை முளைப்பது. 'எல்லாரும் இப்படித்தான் சார் கட்டுறாங்க' என்று கான்ட்ராக்டர் சொல்வார். 1971-ம் ஆண்டின் நகர் ஊரமைப்புச் சட்டம் 56, 57-ம் பிரிவுகளின்படி நோட்டீஸ் வருவதும், பூட்டி சீல் வைப்பதும், இடிப்பதும் உரிமையாளரான உங்களுக்குத்தான். மாற்றம் வேண்டுமென்றால் திருத்திய ப்ளானுக்கு அனுமதி வாங்கியபின் கட்டுங்கள்.

பொறியாளர் யாருடைய ஆள்?

பெரும்பாலான வீடுகளில் கான்ட்ராக்டரே ஒரு பொறியாளரைக் கூட்டிவந்து ப்ளான் போட்டு, கையெழுத்தும் வாங்கித் தருகிறார். பிறகு அந்தப் பொறியாளர் சைட் பக்கமே வருவதில்லை. வந்தாலும் தனக்கு வேலை தருபவரின் கம்பிக் கட்டைக் குறை சொல்லமாட்டார். கட்டமைப்பு வரைபடமும் மேற்பார்வையும் நீங்கள் தனியே அமர்த்தும் ஆளிடம் இருக்க வேண்டும். அவரிடம் கேட்க வேண்டியது, ஃபூட்டிங் (பில்லரின் அடித்தளம்), பில்லர், பீம், ஸ்லாப் ஒவ்வொன்றுக்கும் கம்பியின் விட்டம், எண்ணிக்கை, இடைவெளி குறித்த வரைபடம். 'ஜி+1-க்கு (தரைத்தளமும் முதல் தளமும்) வழக்கமா போடுறதுதான்' என்ற பதிலை ஏற்காதீர்கள். 2014 ஜூன் 28 அன்று சென்னையை அடுத்த மௌலிவாக்கத்தில் 11 மாடிக் கட்டடம் சரிந்து 61 பேர் இறந்தார்கள். அந்தக் கட்டடத்துக்கும் திட்ட அனுமதி இருந்தது.

ஒப்பந்தத்தில் எழுத வேண்டியவை

சதுரடி ரேட் பேசும்போது எத்தனை ரூபாய் என்பதைவிட எது சதுரடி என்பதுதான் முக்கியம். போர்ட்டிகோ, பால்கனி, படிக்கட்டின் ஹெட்ரூம், இரண்டு தள உயரமுள்ள ஹாலின் மேல் வெளி ஆகியவை முழு ரேட்டா, பாதி ரேட்டா, கணக்கிலேயே இல்லையா என்று ஒவ்வொன்றாக எழுதுங்கள். காம்பவுண்ட் சுவர், சம்ப், செப்டிக் டேங்க், போர்வெல், மொட்டை மாடியில் வெயிலும் மழைநீரும் இறங்காமல் போடும் வெதரிங் கோர்ஸ் ஆகியவை பெரும்பாலும் ரேட்டுக்கு வெளியே நிற்கும். சொல்லாமல் விட்டால் ரூஃப் போட்டபின் 'எக்ஸ்ட்ரா' என்று வரும். எக்ஸ்ட்ரா வேலை எதுவும் எழுத்தில் ரேட் பேசி இருவரும் கையெழுத்திட்டபின்தான் தொடங்கும் என்று ஒரு வரி சேருங்கள். ஆகும் சண்டையில் பாதி அந்த வரியில் நின்றுவிடும்.

பொருள்களை 'நல்ல தரம்', 'முதல் தரம்' என்று எழுதுவதில் பயனில்லை. கம்பி எஃப்இ 500டி தரத்தில், ஐ.எஸ். 1786 (இந்தியத் தரநிலை) முத்திரையுடன், கான்கிரீட் எம்20 என்ற பலத் தரத்துக்குக் குறையாமல், சிமென்ட் எந்த வகை, எந்த மூன்று பிராண்டுக்குள், டைல்ஸ் சதுரடிக்கு எவ்வளவு வரை, ஸ்விட்ச் எந்த மாடல் என்று எழுத வேண்டும். ஜி.எஸ்.டி. யார் பொறுப்பு என்பதையும் சேருங்கள். பொருளோடு எடுக்கும் ஒப்பந்தத்துக்கு 18 சதவீத வரி உண்டு. தனி வீட்டுக்கான வெறும் கூலி ஒப்பந்தத்துக்கு விலக்கு உண்டு.

பணத்தை வேலைக்கு முன்னால் ஓடவிடாதீர்கள். அட்வான்ஸ் 5 சதவீதம், பேஸ்மட்டம் முடிந்ததும் 20, லிண்டல் (கதவு, ஜன்னலுக்கு மேல் வரும் பீம்) மட்டத்தில் 15, ரூஃப் கான்கிரீட் போட்டு, அதைத் தாங்கும் முட்டுகளைப் பிரித்ததும் 20, பூச்சு முடிந்ததும் 15, தரை, வயரிங், பிளம்பிங் முடிந்ததும் 10, சாவி தரும்போது 10, மிச்சம் 5 ஓராண்டு கழித்து. இப்படிப் பிரித்தால் எந்தக் கட்டத்தில் கான்ட்ராக்டர் விட்டுப் போனாலும் மிச்சத்தை இன்னொருவரை வைத்து முடிக்கப் பணம் கையில் இருக்கும். கவனியுங்கள், 'ரூஃப் தொடங்கும்போது' என்று எழுதக்கூடாது. 'முடிந்ததும்' என்றுதான் எழுத வேண்டும். ரூஃப் தொடங்கும்போது பெரிய தொகை கைமாறிய வீடுகளில்தான் பூச்சு வேலை மாதக்கணக்கில் கிடக்கிறது. எல்லாத் தொகையும் வங்கி வழியாகவே போகட்டும்.

கட்டமைப்புக் குறைகளுக்கு ரெரா சட்டம் கட்டி விற்பவர்மேல் 5 ஆண்டுப் பொறுப்பை வைக்கிறது. குறையைச் சொன்ன 30 நாளில் அவர் இலவசமாகச் சரிசெய்ய வேண்டும். அந்தச் சட்டம் உங்கள் கான்ட்ராக்டரைத் தொடாவிட்டாலும் அதே 5 ஆண்டு, 30 நாள் என்ற வாசகத்தை உங்கள் ஒப்பந்தத்தில் எழுதிக்கொள்ளத் தடையில்லை. சைட்டில் விபத்து நடந்தால் இழப்பீடு யார் பொறுப்பு, தொழிலாளர் காப்பீடு எடுத்தாரா என்பதையும் எழுதி, பாலிசி நகலை வாங்குங்கள்.

சைட்டில் கண்ணால் பார்க்க வேண்டியவை

கம்பி இறங்கும்போது எடையைச் சரிபாருங்கள். விட்டத்தை அதே எண்ணால் பெருக்கி 162-ஆல் வகுத்தால் மீட்டருக்கு எத்தனை கிலோ என்று வரும். 12 மி.மீ. கம்பி மீட்டருக்கு 0.89 கிலோ, 12 மீட்டர் நீளக் கம்பி ஒன்று சுமார் 10.7 கிலோ. 8 மி.மீ. கம்பி ஒன்று 4.7 கிலோ. நாலைந்து கம்பியை நிறுத்துப் பார்த்து இதைவிட வெகுவாகக் குறைந்தால் திருப்பி அனுப்புங்கள்.

பில்லர் ரிங்கின் கொக்கி 135 டிகிரி மடங்கி உள்ளே நுழைந்திருக்க வேண்டும். வேகமாக வேலை முடிக்கும் கம்பி கட்டுபவர் 90 டிகிரியில் விட்டுவிடுவார். நில அதிர்வில் பில்லரின் மேல்பூச்சு உதிரும்போது அந்த ரிங் திறந்துகொள்ளும். கம்பிக்கும் கான்கிரீட்டின் வெளிப்பரப்புக்கும் நடுவே இடைவெளி காக்கும் கவர் பிளாக், ஃபூட்டிங்குக்கு 50 மி.மீ., பில்லருக்கு 40, ஸ்லாபுக்கு 20. கடற்கரையோர ஊர்களில் இந்த அளவும் போதாது, எம்20-ம் போதாது. ஐ.எஸ். 456 உப்புக்காற்று நேரடியாகப் படும் இடத்துக்கு எம்30 கான்கிரீட்டும் 45 மி.மீ. கவரும் கேட்கிறது. உடைந்த ஜல்லியை முட்டுக்கொடுத்துக் கவர் என்று காட்டினால் கான்கிரீட்டைத் தொடங்கவிடாதீர்கள். சில ஆண்டுகளில் சீலிங்கில் துருக்கோடு விழுவது அங்கேதான்.

ரூஃப் கான்கிரீட் போடும் அன்று சிமென்ட் மூட்டையை எண்ணுங்கள். 1,000 சதுர அடி ஸ்லாப், 5 அங்குலக் கனம் என்றால் சுமார் 12 கன மீட்டர். எம்20-க்குக் கன மீட்டருக்கு 7 முதல் 8 மூட்டை. ஆக ஸ்லாபுக்கு மட்டும் 85 முதல் 95 மூட்டை போக வேண்டும், பீமுக்குத் தனி. மாலையில் காலிச் சாக்கு 70 இருந்தால் கலவை எங்கேயோ மெலிந்திருக்கிறது. அடுத்தது தண்ணீர். மூட்டைக்கு 30 லிட்டரைத் தாண்டக்கூடாது. கலவை ஓடிப் பரவினால் தள்ளுவது எளிது என்பதால் ஆட்கள் குடத்தைச் சாய்ப்பார்கள். ஒவ்வொரு கூடுதல் குடமும் பலத்தைக் குறைக்கும். அளவு பக்கெட் ஒன்றை மிக்ஸர் பக்கத்தில் வைத்துவிட்டு, ஊற்றுபவரிடமே கணக்கைச் சொல்லிவிடுங்கள்.

கான்கிரீட்டின் பலத்தை அறிய, 12 கன மீட்டருக்கு 2 மாதிரி, மாதிரிக்கு 3 கனசதுரம், ஆக 150 மி.மீ. அச்சில் 6 எடுத்து 28-ம் நாள் ஆய்வகத்தில் சோதிக்க வேண்டும். அச்சு நிரப்பும்போது உங்கள் பொறியாளர் பக்கத்தில் நிற்கட்டும். தனியாகக் கலந்த 'நல்ல' கலவையில் எடுத்த மாதிரி எதையும் காட்டாது. பிபிசி (போஸோலானா கலந்த) சிமென்ட் என்றால் குறைந்தது 10 நாள் தண்ணீர் கட்டி வையுங்கள். தாங்கும் இடங்களுக்கு இடையே 4.5 மீட்டர் வரை உள்ள ஸ்லாபின் முட்டுகளை 7 நாளுக்கு முன் பிரிக்கக்கூடாது, அதைவிட நீளமானால் 14 நாள். 6 மீட்டர் வரை பீமுக்கு 14 நாள், அதற்கு மேல் 21. சென்ட்ரிங் (பலகை, முட்டு) வாடகை ஏறுகிறது என்பது முன்கூட்டிப் பிரிக்கக் காரணமாகாது.

வேலை கெட்டுப்போனால்

வாய்ச்சண்டை வேண்டாம். உங்கள் பொறியாளரிடம் படங்களோடு எழுத்தில் அறிக்கை வாங்கி, ஒப்பந்தத்தின் எந்தப் பிரிவு மீறப்பட்டது என்று குறிப்பிட்டுப் பதிவுத்தபாலில் நோட்டீஸ் அனுப்புங்கள். இன்னொருவரை வைத்து இடித்துச் சரிசெய்வதற்கு முன் இந்த அறிக்கை கையில் இருக்க வேண்டும். சரிசெய்தபின் பழைய குறையை யாருக்கும் காட்ட முடியாது.

2019-ம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் வீடு கட்டித்தருவதைச் 'சேவை' என்றே வரையறுக்கிறது. நீங்கள் கொடுத்த தொகை 50 லட்சம் ரூபாய் வரை என்றால் மாவட்ட ஆணையம், அதற்கு மேல் 2 கோடி வரை மாநில ஆணையம். நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம், இணையவழியாகவும் போடலாம், வக்கீல் கட்டாயமில்லை. 5 லட்சம் வரை கட்டணம் இல்லை. 20 லட்சத்துக்கு மேல் 50 லட்சம் வரை 1,000 ரூபாய். காலக்கெடு வழக்குக்கான காரணம் எழுந்த நாளிலிருந்து 2 ஆண்டு. 'அடுத்த மாசம் ஆள் அனுப்புறேன்' என்ற போன் பேச்சில் அந்த 2 ஆண்டு கரைந்துபோவதால், அவர் தரும் ஒவ்வொரு வாக்குறுதியையும் தேதியோடு வாட்ஸ்அப்பிலாவது எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.