நீண்ட தூர விமானம் எத்தனை மணி நேரம் பறக்கும்? கணக்குப் போடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஃப்ளைட் டிஸ்பாட்ச் மேசையில், அதாவது விமானம் கிளம்பும் முன் அதன் வழியையும் எரிபொருளையும் கணக்கிடும் இடத்தில், உட்கார்ந்து ரூட் போடுவது எனக்கு இருபது வருடத் தொழில். போன மாதம் பயிற்சிக்கு வந்த மூன்று பேரிடம், சென்னையிலிருந்து லண்டனுக்கு ஒரு ஃப்ளைட் பிளான் போடச் சொன்னேன். என் முதல் வருடத்தில் நான் செய்ததையே மூன்று பேரும் செய்தார்கள். அன்று இரவே இதை எழுத உட்கார்ந்துவிட்டேன்.

நேர வித்தியாசத்தைக் கழிக்க மறப்பது, நாட்டிக்கல் மைலைக் கிலோமீட்டர் என்று எடுத்துக்கொள்வது போன்றவற்றை விட்டுவிடுகிறேன். ஒரு தடவை திட்டு வாங்கினால் அவை தானே சரியாகிவிடும்.

குறைந்த தூரம் என்றால் குறைந்த நேரம் என்று நம்புவது

இதைப் பார்த்தால் எனக்கு இன்னும் கோபம் வருகிறது.

ஒகேனக்கல்லில் பரிசலில் போயிருப்பீர்கள். துடுப்புப் போடுகிறவர் எவ்வளவு வேகமாகப் போட்டாலும், ஆறு எந்தப் பக்கம் இழுக்கிறது என்பதைப் பொறுத்துத்தான் கரை நெருங்கும். விமானமும் அப்படித்தான். அது தரையில் ஓடவில்லை, காற்றுக்குள் நகர்கிறது. அந்தக் காற்றும் நகர்ந்துகொண்டே இருக்கிறது. 9 முதல் 12 கி.மீ. உயரத்தில், மேற்கிலிருந்து கிழக்கு நோக்கி ஜெட் ஸ்ட்ரீம் என்ற காற்றாறு ஓடுகிறது. குளிர்காலத்தில் அதன் வேகம் இன்னும் கூடும். 2020 பிப்ரவரியில் சியாரா புயலின்போது அந்தக் காற்று முதுகில் தள்ள, ஒரு பிரிட்டிஷ் ஏர்வேஸ் 747 நியூயார்க்கிலிருந்து லண்டனுக்கு 4 மணி 56 நிமிடத்தில் போய்ச் சேர்ந்தது.

நான் செய்த தவறு ஒரு ஜனவரி இரவில் நடந்தது. சென்னை – லண்டன். ஓமன், ஈரான், துருக்கி வழியாக 8,600 கி.மீ. வருகிற ரூட் ஒன்று. சவுதி, எகிப்து வழியாக 8,850 கி.மீ. வருகிற ரூட் இன்னொன்று. 250 கி.மீ. மிச்சம் என்று யோசிக்காமல் முதல் ரூட்டைப் பூட்டிவிட்டேன். ரூட்டைப் பூட்டிவிட்டால் கம்ப்யூட்டர் வேறு வழி தேடாது. கொடுத்த வழிக்கு நேரத்தையும் எரிபொருளையும் கணக்கிட்டுத் தரும், அவ்வளவுதான்.

அந்த வழியில் சராசரி எதிர்காற்று மணிக்கு 120 கி.மீ. விமானம் காற்றுக்குள் 900 கி.மீ. வேகத்தில் போனாலும் தரைக்கு மேல் கிடைப்பது 780 தான். 8,600-ஐ 780-ஆல் வகுத்தால் 11 மணி நேரத்துக்குச் சற்று மேல். தெற்கு ரூட்டில் அன்று எதிர்காற்று 70 தான். 8,850-ஐ 830-ஆல் வகுத்தால் 10 மணி 40 நிமிடம். தூரம் கூடியும் 20 நிமிடம் குறைகிறது.

20 நிமிடம்தானே என்று நினைக்காதீர்கள். பெரிய இரட்டை என்ஜின் விமானத்துக்கு அது ஏறக்குறைய 2 டன் எரிபொருள். அதைச் சுமந்து போவதற்கும் தனியாக எரிபொருள் வேண்டும். பத்து மணி நேரப் பயணத்தில் கூடுதலாக ஏற்றும் ஒவ்வொரு டன்னிலும் கால் பங்குக்கு மேல், அந்த டன்னைத் தூக்கிச் செல்லவே எரிந்துபோகும். அன்று விமானம் எடை உச்சவரம்பைத் தொட்டுவிட்டது. பயணிகளை இறக்க முடியாது. சரக்கை இறக்கினார்கள்.

விடியற்காலையில் ராம்ப்புக்கு, விமானங்கள் நின்று சரக்கு ஏற்றும் இடத்துக்கு, போய்ப் பார்த்தேன். முருங்கைக்காய், கறிவேப்பிலைப் பெட்டிகள் ஈரச் சாக்கு மூடியபடி வரிசையாகக் கிடந்தன. ஒரு பெட்டியின் ஓட்டை வழியாகக் கறிவேப்பிலை நுனி நீட்டிக்கொண்டிருந்தது. சாக்கைத் தூக்கினால் வெக்கை முகத்தில் அடித்தது. அடுத்த விமானம் மறுநாள்தான்.

ஷிஃப்டுக்கு வந்த சீனியர் காற்றுப் படத்தை விரித்து, நான் போட்ட கோட்டின் மேல் பேனாவை ஓட்டினார். ஜெட் ஸ்ட்ரீமின் நடுவிலேயே, அதற்கு நேர் எதிராக, ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் போயிருந்தது என் கோடு. “ஏம்ப்பா, ரூட் போடுறதுக்கு முன்னாடி இத ஒரு தடவ பாத்தியா?” என்றார். பார்க்கவில்லை.

நம்ப மறுக்கிற பிள்ளைகளுக்கு டெல்லி – சான் ஃபிரான்சிஸ்கோவைக் காட்டுவேன். ஏர் இந்தியா அந்த விமானத்தை மேற்கே அட்லாண்டிக் வழியாக, சுமார் 13,900 கி.மீ. தூரம் ஓட்டிக்கொண்டிருந்தது. 2016 அக்டோபரில் கிழக்கே பசிபிக் வழியாகத் திருப்பினார்கள். தூரம் 15,300 கி.மீ. ஆனது. பயணமோ சுமார் 14 மணி 30 நிமிடமாக, ஏறக்குறைய இரண்டு மணி நேரம் குறைந்தது. வழி நெடுகப் பின்காற்று. ஆகவே முதலில் காற்றுப் படம், பிறகு ரூட். நான் கற்றுக்கொடுக்கும் வரிசை இதுதான்.

போகும்போது விட்டதை வரும்போது பிடித்துவிடலாம் என்பது

பிடிக்க முடியாது. 9,000 கி.மீ. தூரத்தை 900 கி.மீ. வேகத்தில் காற்றில்லாமல் போய்வந்தால் 20 மணி நேரம். 100 கி.மீ. காற்று வீசினால் போக 11 மணி 15 நிமிடம், வர 9 மணி. மொத்தத்தில் 15 நிமிடம் நட்டம். எதிர்காற்றில் நீங்கள் அதிக நேரம் மாட்டியிருக்கிறீர்கள், அதனால்தான்.

பூமி சுழல்வதால் ஒரு பக்கம் சீக்கிரம் போகலாம் என்பது

காற்றும் பூமியோடு சேர்ந்தே சுழல்கிறது.

தட்டை வரைபடத்தில் ஸ்கேல் வைத்து அளப்பது

பூமி உருண்டையில் இரண்டு ஊர்களுக்கு நடுவே நூலை இழுத்துப் பிடித்துப் பாருங்கள். உண்மையான குறுக்குவழி அதுதான்.

வானம் முழுக்கத் திறந்திருக்கிறது என்று எண்ணுவது

2022-இல் ரஷ்யா தன் வான்வெளியை ஐரோப்பிய விமானங்களுக்கு மூடியது. அதற்கு முன் ஹெல்சிங்கி – டோக்கியோ ஒன்பதரை மணி நேரம் அளவுதான். அதன்பின் ஃபின்ஏர் விமானங்கள் வட துருவம் பக்கமோ தெற்கே சுற்றியோ போக வேண்டியதாகி, 13 மணி நேரம் அளவுக்கு நீண்டது. விமானமும் ஊர்களும் அவைதான். 2025 ஏப்ரலில் பாகிஸ்தான் இந்திய விமானங்களுக்கு வான்வெளியை மூடியபோது, டெல்லியிலிருந்து வட அமெரிக்கா போன சில ஏர் இந்தியா விமானங்கள் வியன்னாவிலும் கோபன்ஹேகனிலும் இறங்கி எரிபொருள் நிரப்பிக்கொண்டு போயின. போன வாரம் போட்ட ரூட்டை இன்று அப்படியே எடுத்து ஒட்டுகிற பழக்கம் இருந்தால் இன்றே விட்டுவிடுங்கள். ரூட் போடும் முன் அன்றைய நோட்டாமை, அதாவது வான்வெளி மூடல் போன்றவற்றைச் சொல்லும் அறிவிப்பை, படியுங்கள்.

டிக்கெட்டில் உள்ள நேரத்தைப் பறக்கும் நேரமாக எடுத்துக்கொள்வது

டிக்கெட்டில் இருப்பது, விமானம் கேட்டை விட்டு நகர்ந்ததிலிருந்து அடுத்த ஊரில் கேட்டில் நிற்கும் வரையான நேரம். ஓடுபாதைக்கு ஊர்ந்து போவது, வரிசையில் காத்திருப்பது எல்லாம் அதில் அடக்கம். ஹீத்ரோவைச் சுற்றி போவிங்டன், லாம்போர்ன், ஆக்கம், பிகின் என்று நான்கு இடங்களில் விமானங்களை வட்டமடிக்க வைப்பார்கள். அந்த வட்டத்துக்கும் சேர்த்துத்தான் அட்டவணையில் நேரம் வைக்கிறார்கள். எரிபொருள் கணக்குக்கு அட்டவணை நேரத்தைத் தொடவே தொடாதீர்கள்.

வேகத்தைக் கூட்டி நேரம் பிடிப்பது

0.85 மாக்கிலிருந்து (ஒலியின் வேகத்தில் 0.85 பங்கு) 0.86-க்குப் போனால் பத்து மணி நேரத்தில் மிச்சமாவது 7 நிமிடம்தான்.

பழைய காற்றுப் படத்தை வைத்து வேலை செய்வது

விமானங்களுக்கான லண்டன், வாஷிங்டன் வானிலை மையங்கள் நாளுக்கு 4 முறை புதிய கணிப்பு தருகின்றன. புதியதை எடுங்கள்.