கல் வீட்டுக்குச் சிமெண்டு ஆகாது: பழைய பிரெஞ்சுப் பண்ணை வீட்டைச் சீரமைப்பதில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பிரான்சின் லிமூசின், தோர்தோன் வட்டாரங்களில் விற்பனைக்கு வரும் பழைய பண்ணை வீடுகளின் சுவர் பெரும்பாலும் 50 முதல் 70 செ.மீ. கனம் இருக்கும். உள்ளே ஒரு வரிசைக் கல், வெளியே ஒரு வரிசை, நடுவில் சில்லுக்கல்லும் மண்ணும். ஈரத்தடுப்பு எதுவும் கிடையாது. தரையிலிருந்து ஏறும் ஓதம் கல் இடுக்குகளின் வழியே காற்றில் கலந்துவிடும். அந்த வழியை அடைத்தால் வீடு கெடும்.

உதிர்ந்த இடுக்குகளைச் சிமெண்டால் பூசுவதுதான் அதிகம் நடக்கும் தவறு. சிமெண்டில் மயிரிழை விரிசல் விழும், மழைநீர் அதில் இறங்கும், வெளியேற முடியாமல் கல்லுக்குள் தங்கும். குளிர்காலத்தில் அது உறையும்போது கல்லின் முகம் செதில் செதிலாக உரியும். கலவை எப்போதும் கல்லைவிட மென்மையாக இருக்க வேண்டும்.

பழைய காரையை உளியும் சுத்தியலும் கொண்டு, இடுக்கின் அகலத்தைப் போல் இரு மடங்கு ஆழத்துக்கு (குறைந்தது 2.5 செ.மீ.) எடுங்கள். கிரைண்டர் வேண்டாம், கல்லின் விளிம்பு போய்விடும். தூசி தட்டி, முதல் நாள் மாலையே சுவரை நனைத்துவிடுங்கள். என்.எச்.எல். (நீர் பட்டு இறுகும் இயற்கைச் சுண்ணாம்பு; எண் கூடினால் உறுதி கூடும்) 3.5 வகை ஒரு பங்குக்கு, சொரசொரப்பான மணல் இரண்டரை முதல் மூன்று பங்கு. மென்மையான சுண்ணாம்புக்கல் சுவர் என்றால் என்.எச்.எல். 2 போதும். இந்தக் கலவையை இடுக்குகளில் அடைத்து, கட்டைவிரல் நகத்தால் அழுத்தினால் லேசாகப் பதியும் பதத்தில், முரட்டுத் தூரிகையால் தட்டிக் காரையின் முகத்தைத் திறந்துவிடுங்கள். பிறகு சில நாள் ஈரச்சாக்கு போர்த்த வேண்டும். அவசரமாகக் காய்ந்தால் பொடியாக உதிரும். 5 டிகிரிக்குக் கீழே குளிர் இறங்கும் நாட்களில் இந்த வேலையைத் தொடவே கூடாது.

தரையிலும் இதே கதைதான். பழைய ஓட்டுத் தரையைப் பெயர்த்து, பிளாஸ்டிக் தாள் விரித்துக் கான்கிரீட் கொட்டினால், அடியில் இருக்கும் ஈரம் முழுக்கச் சுவருக்குத் திரும்பும். சுமார் 20 செ.மீ. பொடியில்லாத ஜல்லி, மேலே சுண்ணாம்புக் கான்கிரீட் என்பதே இங்கு சரியான அடுக்கு. ஆனால் தோண்டுவதற்கு முன் சுவரோரம் ஒரு சிறு குழி வெட்டிப் பாருங்கள். பல வீடுகளுக்கு அஸ்திவாரம் என்று சொல்லிக்கொள்ள ஒன்றும் இருக்காது. சுவரின் அடிக்கல்லுக்கும் கீழே போனால் சுவர் சாயும். வெளியே வடிகால் வெட்டுவதானாலும் சுவரை விட்டு ஒரு மீட்டராவது தள்ளியே வெட்டுங்கள்.

குளிருக்காக உட்புறம் ஃபோம் பலகை ஒட்டுகிறார்கள். வீட்டு நீராவி பலகைக்குப் பின்னால் குளிர்ந்து நீராகும், உத்தரத்தின் முனை சுவருக்குள்ளேயே மக்கும். அதற்குப் பதிலாகச் சணல்-சுண்ணாம்புப் பூச்சு (ஹெம்ப் செடியின் தண்டுத் துணுக்குகளைச் சுண்ணாம்பில் கலந்தது) 5 முதல் 8 செ.மீ. போடலாம். உத்தரம் எதுவானாலும் சுவரில் நுழையும் இடத்தில் ஸ்க்ரூடிரைவரால் குத்திப் பாருங்கள்; ஈரம் தின்ற மரம் தடையில்லாமல் உள்ளே வாங்கும்.

பக்கத்துக் கொட்டகையை விடுமுறைக் குடிலாக்கும் ஆசை இருந்தால், வாங்கும் முன்பே ஊர் மேரியில் (நகராட்சி அலுவலகம்) கேளுங்கள். விவசாய மண்டலத்தில், பி.எல்.யூ. எனும் உள்ளூர் நிலப் பயன்பாட்டுத் திட்டத்தில் மாற்றத் தகுந்தது என்று அந்தக் கட்டடம் குறிக்கப்படாவிட்டால் குடியிருப்பாக மாற்றப் பொதுவாக அனுமதி கிடைக்காது. கழிவுநீர்த் தொட்டியையும் கணக்கில் வையுங்கள். ஐந்து முதன்மை அறைகள் (படுக்கையறை, வரவேற்பறை போன்றவை) வரை 3 கன மீட்டர், அதற்கு மேல் ஒவ்வோர் அறைக்கும் 1 கன மீட்டர் கூடுதல். குடிலின் படுக்கையறைகளையும் சேர்த்து எண்ணாமல் தொட்டி புதைத்தால், முற்றத்தை இரண்டாம் முறை தோண்ட வேண்டி வரும்.