அலுவலக நண்பர்களோடு தாமிரபரணியில் பிளாஸ்டிக் பொறுக்கலாம்: புதியவர்களுக்கு ஒரு செய்முறை

ஞாயிற்றுக்கிழமை காலையில் பத்துப் பேர் சேர்ந்து படித்துறையில் குப்பை பொறுக்குவது பெரிய வித்தை இல்லை. ஒரு பேனர், நாலு போட்டோ, இரண்டு மூட்டைக் குப்பை என்று முடித்துவிடலாம். ஆனால் மறுவாரம் அதே படியில் அதே ஷாம்பு பாக்கெட் கிடக்கும். திங்கட்கிழமை அலுவலகத்தில், காது கேளாத சக ஊழியர் வழக்கம்போலத் தனியாகச் சாப்பிட்டுக்கொண்டிருப்பார். இரண்டையும் ஒரே வேலையால் கொஞ்சம் நகர்த்தலாம். கடை, வங்கிக் கிளை, பள்ளி, கணினி அலுவலகம் என்று எங்கே வேலை பார்த்தாலும் சரி, முதல்முறை செய்கிறவர்களுக்காக வரிசையாகச் சொல்கிறேன்.

1. ஆள் சேர்ப்பது

முதல் தடவைக்கு எட்டிலிருந்து பன்னிரண்டு பேர் போதும். ஐம்பது பேர் வந்தால் பாதிப்பேர் செல்ஃபிதான் எடுப்பார்கள்.

அலுவலகத்தில் மாற்றுத்திறனாளி ஊழியர் இருந்தால், "உங்களால முடியுமா?" என்று ஆரம்பிக்காதீர்கள். என்னென்ன வேலை இருக்கிறது என்று எழுதி எல்லோருக்கும் ஒன்றுபோல அனுப்புங்கள். வாட்ஸ்அப்பில் இந்த அளவு போதும்:

"ஞாயிறு காலை 6 மணி, கொக்கிரகுளம் படித்துறை. பொறுக்க, தரம் பிரிக்க, எடை போட, கணக்கு எழுத, டீ ஏற்பாடு செய்ய ஆள் வேண்டும். எது வேண்டும் என்று சொல்லுங்கள். வந்து போக வண்டி தேவைப்பட்டால் அதையும் சொல்லுங்கள்."

கடைசி வரியை விட்டுவிடாதீர்கள். பலர் வராமல் போவது வேலைக்குப் பயந்து அல்ல, காலை ஆறு மணிக்கு எப்படி வந்து சேர்வது என்ற யோசனையில்தான்.

இன்னொன்று. குப்பை என்றதும் யாரைக் கூப்பிடுவது என்று நம் ஊரில் பேசாமலே ஒரு கணக்கு இருக்கிறது. அதில் சாதியும் இருக்கிறது என்பது எல்லோருக்கும் தெரியும். அலுவலகத்தைப் பெருக்கித் துடைக்கும் ஒப்பந்த ஊழியர் இந்தக் குழுவுக்கு வர விரும்பினால், அவருக்குக் கணக்குப் பேனாவைக் கொடுங்கள். இடுக்கியை மேனேஜர் பிடிக்கட்டும். அவர் வர விரும்பாவிட்டால் அதோடு விடுங்கள், ஞாயிற்றுக்கிழமை அவருடையது.

2. இடம் பார்ப்பது

பொதிகையில் பிறந்து புன்னைக்காயலில் கடலில் சேரும்வரை சுமார் 125 கிலோமீட்டர் ஓடுகிற ஆறு, இடத்துக்குப் பஞ்சமில்லை. ஆனால் புதியவர்களுக்கு ஊருக்குள் இருக்கும் படித்துறைதான் சரி. முண்டந்துறைப் பக்கம் புலிகள் காப்பகம்; வனத்துறை அனுமதி இல்லாமல் அங்கே எதையும் ஆரம்பிக்க முடியாது.

இரண்டு நாள் முன்னால் ஒருவர் போய்ப் பார்த்து வரவேண்டும். சக்கர நாற்காலி எதுவரை போகும், நிழல் எங்கே, பக்கத்தில் கழிப்பறை உண்டா, மேசை போடச் சமதரை இருக்கிறதா என்று பாருங்கள். படிக்கட்டில் இறங்க முடியாதவருக்கு மேலேயே முழு வேலை இருக்கும்படி இடம் அமையவேண்டும்.

மாநகராட்சிச் சுகாதாரப் பிரிவிலோ ஊராட்சியிலோ முன்கூட்டியே சொல்லிவையுங்கள். அனுமதியைவிட முக்கியம், சேர்ந்த மூட்டையை எந்த வண்டி எப்போது எடுக்கும் என்று கேட்பது. இதைக் கேட்காதவர்களின் மூட்டைகள் கரையிலேயே கிடந்து நாய் கிழித்து மறுபடி ஆற்றுக்குள் போகின்றன.

ஐப்பசி, கார்த்திகை மழையில் வேண்டாம். 2023 டிசம்பர் வெள்ளத்தைப் பார்த்தவர்களுக்குக் காரணம் சொல்லவேண்டியதில்லை. கோடையில் நீர் இறங்கியிருக்கும், பிளாஸ்டிக்கும் கண்ணுக்குத் தெரியும். அப்போதும் தண்ணீருக்குள் யாரும் இறங்கக்கூடாது, நீச்சல் தெரிந்தவரும்தான்.

3. சாமான்கள்

தடித்த ரப்பர் கையுறை, நீள இடுக்கி, பழைய அரிசிச் சாக்கு, தொங்கு தராசு, மடக்கு மேசை, முதலுதவிப் பெட்டி, சிவப்புத் துணிக்கொடி ஒன்று. குடிக்கத் தண்ணீர்க் கேனும் எவர்சில்வர் டம்ளரும். இட்லியை வாழையிலையில் கட்டி வாங்குங்கள். பிளாஸ்டிக் பொறுக்க வந்த இடத்தில் பாட்டில் தண்ணீர் கொடுக்கிறவர்களை என்ன சொல்வது!

4. வேலை பிரிப்பது

இங்கேதான் நேரம் செலவிடவேண்டும். மாற்றுத்திறனாளி ஊழியரை முன்வரிசையில் உட்காரவைத்துப் பொன்னாடை போர்த்துவது எனக்கு அறவே பிடிக்காது. அவர் இல்லாவிட்டால் வேலை நிற்கும் என்ற இடத்தில் அவர் இருக்கவேண்டும்.

காது கேளாதவர் இருந்தால் விசில் உதவாது. கொடி தூக்கினால் எல்லோரும் நிறுத்தவேண்டும் என்று குழு முழுவதற்கும் ஒரே விதி வையுங்கள். ஆற்று இரைச்சலில் மற்றவர்களுக்கும் அதுதான் சுலபம். "நில்", "கண்ணாடி", "உதவி", "போதும்" ஆகிய நாலு சைகைகளை அவரே எல்லோருக்கும் சொல்லிக்கொடுக்கட்டும். பாளையங்கோட்டையில் காது கேளாதோர் பள்ளி தலைமுறைகளாக நடக்கிறது; சைகை மொழி தெரிந்தவரைத் தேடி நெல்லைக்காரர்கள் வெளியூர் போகவேண்டியதில்லை.

பார்வையற்றவர் தரம் பிரிக்கும் மேசையில் இருக்கலாம். பாட்டிலை அமுக்கினால் படபடவென்று சத்தம் வரும், பால் கவர் சத்தமில்லாமல் வழவழவென்று மடங்கும், பிஸ்கட் உறை மொறமொறக்கும். கண்ணால் பார்த்துப் பிரிக்கிறவர்கள் சேறு படிந்த உறைகளில் குழம்புகிற இடத்தில் காதும் விரலும் தடுமாறாது. ஆனால் கண்ணாடித் துண்டு, ஊசி, பிளேடு எல்லாவற்றையும் வேறொருவர் முதலில் எடுத்துவிட்டு, மிச்சத்தை அலசித்தான் மேசைக்கு அனுப்பவேண்டும். தடித்த கையுறை போட்டால் விரலுக்கு ஒன்றும் தெரியாது. மெல்லிய கையுறை கொடுங்கள்.

சக்கர நாற்காலியில் இருப்பவரிடம் தராசும் கணக்கும் இருந்தால், யார் எங்கே போகவேண்டும் என்று சொல்வதும் இயல்பாக அவரிடம் வந்துவிடும். அறிவுசார் குறைபாடு உள்ளவருக்கு ஒரே பொருளை ஒப்படையுங்கள். பாட்டில் மூடி மட்டும் என்றால், மூடி ஒன்றுகூட அவர் கண்ணுக்குத் தப்பாது.

யார் என்ன செய்தாலும் முக்கால் மணிக்கு ஒருமுறை ஓய்வு. எட்டரைக்கு மூட்டை கட்டிவிடுங்கள், நம் ஊர் வெயில் அப்படி.

5. எண்ணுவது

அள்ளுவதைவிட எண்ணுவதுதான் முக்கியம் என்பேன். ஒரு தாளில் ஐந்து பத்தி போடுங்கள்: பாட்டில், பால் கவர், சாஷே (ஷாம்பு பாக்கெட் மாதிரிச் சின்ன உறை) மற்றும் தின்பண்ட உறை, டீ கப்பும் பார்சல் கவரும், துணி. சேற்றை உதறி எடை போட்டு எழுதுங்கள்.

பாட்டிலைப் பழைய இரும்புக் கடையில் எடுத்துக்கொள்வார்கள். சாஷேயை எவரும் சீந்தமாட்டார்கள். பல அடுக்குகள் ஒட்டிய உறை, பிரிக்க முடியாது. அதை உலர் குப்பையாக மாநகராட்சி வண்டியில் ஏற்றுங்கள். கரையில் வைத்துக் கொளுத்தவே கூடாது.

6. தாளை அலுவலகத்துக்குக் கொண்டுபோவது

திங்கட்கிழமை அந்தத் தாளைச் சாப்பாட்டு அறையில் ஒட்டுங்கள். அதில் உள்ள எவையெல்லாம் உங்கள் அலுவலகக் குப்பைக்கூடையிலும் இருக்கின்றன என்று குறியுங்கள். டீ கப் கட்டாயம் இருக்கும். தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் பிளாஸ்டிக் பூசிய பேப்பர் கப்பும் தடையில்தான் இருக்கிறது; பேப்பர்தானே என்று நினைத்து நிறையப் பேர் அதை விட்டுவிடுகிறார்கள். டீக்கடை அண்ணாச்சியிடம் பிளாஸ்க் கொடுத்துவிட்டு, ஆளுக்கொரு டம்ளர் வைத்தால் முடிந்தது. கழுவுவது அவரவர் வேலை, துப்புரவு அக்காவுடையது அல்ல. தீபாவளி அல்வாவைப் பனையோலைப் பெட்டியில் வாங்கலாம்.

ஆற்றங்கரையில் செய்த ஏற்பாடுகளையும் அப்படியே கொண்டுவாருங்கள். கூட்டத்தில் முடிவானதை உடனே எழுதிப் பகிர்வது, பேசுகிறவர் கை தூக்கிவிட்டுப் பேசுவது, நடைபாதையில் அட்டைப்பெட்டி அடுக்காமல் இருப்பது எதற்கும் பெரிய செலவில்லை. நிர்வாகம் தயங்கினால், 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தைக் காட்டுங்கள். 21 வகைக் குறைபாடுகளை அது அங்கீகரிக்கிறது; சம வாய்ப்புக் கொள்கையை நிறுவனங்கள் வெளியிடவேண்டும் என்றும் சொல்கிறது.

7. அடுத்த முறை

மூன்று மாதம் கழித்து அதே படித்துறைக்கு, அதே ஐந்து பத்தித் தாளோடு போங்கள். வேலைகளை மட்டும் மாற்றிப் போடுங்கள்; போனமுறை கணக்கு எழுதியவர் இந்தமுறை குழுவை நடத்தட்டும். கை பழகியபின் பாபநாசம் போக ஆசை இருந்தால், ஆடி அமாவாசை முடிந்த வாரத்தில் போங்கள். நீராட வருகிறவர்கள் ஆற்றில் விடும் துணிதான் அங்கே அதிகம், அதில் பாலியெஸ்டரும் பிளாஸ்டிக்தான். ஈரத்துணி கனக்கும், சாக்கும் டெம்போவும் கூடுதலாகச் சொல்லிவையுங்கள்.