‘நல்ல கிளாசிக் ஒன்று சொல்லுங்க’ என்று மட்டும் கேட்காதீர்கள்

"தத்துவம் படிக்கணும், எங்கே ஆரம்பிக்கலாம்?" என்று கேட்டுப் பாருங்கள். பிளேட்டோவின் குடியரசு, நீட்சேயின் ஜராதுஷ்ட்ரா, மார்க்கஸ் அரேலியஸ், தஸ்தயேவ்ஸ்கி மொத்தமும், தெம்பு இருந்தால் கான்ட். ஐந்து பேர் பதில் சொன்னால் இருபது புத்தகம் சேரும், அடுத்த மாதம் அதில் ஒன்றைக்கூட நீங்கள் கையில் எடுத்திருக்க மாட்டீர்கள். சொன்னவர்களைக் குறை சொல்லவும் முடியாது. டாக்டரிடம் போய் என்ன உபாதை என்று சொல்லாமல் ‘நல்ல மாத்திரையாக ஒன்று கொடுங்க’ என்று கேட்டால் அவர்தான் என்ன செய்வார்? உங்களைப் பற்றி ஒன்றும் தெரியாதபோது பெரிய பெயர்களைச் சொல்லிவிடுவதுதான் யாருக்கும் சௌகரியம்.

இந்தப் பட்டியல் வியாதி இன்று நேற்று வந்ததல்ல. 1886-இல் லண்டனில் சர் ஜான் லப்பக் என்பவர் தொழிலாளர் கல்லூரியில் பேசும்போது படிக்க வேண்டிய நூல்கள் என்று நூறு வரைக்கும் அடுக்கினார். ‘பால் மால் கெஜட்’ பத்திரிகை அதைப் பிடித்துக்கொண்டு பிரபலங்களிடம் கருத்துக் கேட்டது. கலை விமர்சகர் ரஸ்கின் பட்டியலில் இருந்த பெயர்களைச் சரமாரியாக அடித்துத் திருப்பி அனுப்பினார். ஆஸ்கார் வைல்ட் ஒரு படி மேலே போய், எதைப் படிக்கவே கூடாது என்று சொல்லும் பட்டியல்தான் மக்களுக்கு அவசரத் தேவை என்று எழுதினார். எனக்கென்னவோ வைல்ட் கட்சிதான் சரியாகப் படுகிறது. பெரிய பட்டியலைப் பார்த்தால் படிக்கும் ஆசையைவிட, படித்தவன் என்று பெயர் வாங்கும் ஆசைதான் முதலில் வருகிறது.

சரி, எப்படிக் கேட்பது?

முதலில் நீங்கள் எதைப் படித்து முடித்தீர்கள், எதைப் பாதியில் போட்டீர்கள் என்று சொல்லுங்கள். போட்டதுதான் முக்கியம், அதுவும் எந்த இடத்தில் போட்டீர்கள் என்பது. அடுத்தது, உங்களுக்கு உள்ளே ஓடிக்கொண்டிருக்கும் கேள்வி. ‘தத்துவம்’ என்பது கேள்வி ஆகாது. அப்புறம் மொழி, எத்தனை பக்கம் தாங்கும் என்பது. ஒரு மாதிரி எழுதிக் காட்டுகிறேன்:

"தஸ்தயேவ்ஸ்கியின் குற்றமும் தண்டனையும் முடித்துவிட்டேன். கொலை செய்த ரஸ்கோல்னிகோவ் எழுதிய கட்டுரையை வைத்து விசாரணை அதிகாரி போர்ஃபிரி அவனைக் குடையும் இடம் ரொம்பப் பிடித்தது, கடைசியில் சைபீரியாவில் அவன் மனம் மாறுவது எனக்கு ஒட்டவில்லை. டால்ஸ்டாயின் போரும் அமைதியும் எடுத்தேன், முதல் விருந்துக் காட்சியில் வரும் பெயர்களைச் சமாளிக்க முடியாமல் வைத்துவிட்டேன். நல்ல நோக்கத்துக்காக ஒருவரைக் கொல்லலாமா என்பதை வேறு யார் எழுதியிருக்கிறார்கள்? முந்நூறு பக்கத்துக்குள் இருந்தால் நல்லது."

இப்படிக் கேட்டால், படித்த ஒருவருக்குச் சட்டென்று ஒரு பதில் தோன்றும்: பிரெஞ்சு எழுத்தாளர் ஆல்பெர் காம்யு 1949-இல் மேடையேற்றிய ‘நீதிமான்கள்’ நாடகம். 1905-இல் ரஷ்யப் புரட்சியாளர்கள் மாஸ்கோவில் செர்கேய் கோமகனைக் குண்டு வீசிக் கொன்ற உண்மைச் சம்பவம்தான் அதன் கரு. முதல் முயற்சியில் வண்டிக்குள் குழந்தைகள் இருப்பதைப் பார்த்து, குண்டு வீச வந்த கலியாயெவ் குண்டை வீசாமல் திரும்பிவிடுகிறான், அதற்குப் பிறகு தோழர்களுக்குள் நடக்கும் வாக்குவாதம்தான் நாடகத்தின் உயிர். ரஸ்கோல்னிகோவ் பிடித்தவருக்கு இது பிடிக்க எல்லா வாய்ப்பும் உண்டு. ‘நல்ல கிளாசிக் சொல்லுங்க’ என்று கேட்டிருந்தால் இந்தப் பெயர் உங்கள் காதில் விழுந்தே இருக்காது.

அடுத்து, புத்தகத்தின் பெயரோடு நிறுத்தவிடாதீர்கள், யாருடைய மொழிபெயர்ப்பு என்றும் கேளுங்கள். ரோமப் பேரரசர் மார்க்கஸ் அரேலியஸ் தனக்காக எழுதிவைத்த ‘தியானங்கள்’ சலிப்பாக இருக்கிறது என்று சொல்பவர்களில் பலர் படித்தது இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும் ஜார்ஜ் லாங்கின் 1862 ஆங்கிலம். அது பைபிள் நடையில் போகும். 2002-இல் வந்த கிரெகரி ஹேஸின் மொழிபெயர்ப்பை எடுத்தால் அதே ஆள் நேற்று ராத்திரி டைரி எழுதியதுபோல் இருக்கும். இன்னொன்று, அந்த நூலின் முதல் பகுதி முழுக்க தாத்தாவிடம் இதைக் கற்றேன், ஆசிரியரிடம் அதைக் கற்றேன் என்று நன்றி சொல்லும் வரிசைதான். புதிதாக வருபவர் அதிலேயே தூங்கிவிடுவார். இரண்டாம் பகுதியில் தொடங்கச் சொல்லுங்கள்: இன்றைக்கு நன்றிகெட்டவர்களையும் அகங்காரம் பிடித்தவர்களையும் சந்திக்கப்போகிறேன் என்று ஒரு பேரரசர் காலையில் தனக்குத்தானே சொல்லிக்கொள்ளும் இடம் அங்கேதான் வருகிறது. ஆபீஸ் போகும் யாருக்கும் அது புரியும்.

தமிழில் படிப்பவர்களுக்கு இந்த விஷயம் இன்னும் முக்கியம். காம்யுவின் ‘அந்நியன்’ வெ. ஸ்ரீராம் பிரெஞ்சிலிருந்து நேராகக் கொண்டுவந்தது, காஃப்காவின் ‘விசாரணை’யை ஏ.வி. தனுஷ்கோடி ஜெர்மனிலிருந்து நேராகச் செய்திருக்கிறார். தஸ்தயேவ்ஸ்கியின் ‘குற்றமும் தண்டனையும்’, ‘அசடன்’ இரண்டையும் எம்.ஏ. சுசீலா ஆங்கிலம் வழியாகச் செய்தார். ஆங்கிலம் வழி என்பதால் மட்டம் என்று அர்த்தமில்லை, ‘அசடன்’ போன்ற ஒரு தடிமனான நாவலைத் தமிழில் முழுதாகப் படிக்க முடிகிறது என்பதே பெரிய விஷயம். ஆனால் நடையைப் பற்றிச் சண்டை போடும்போது யாருடைய நடையைப் பற்றிப் பேசுகிறோம் என்பது தெரிந்திருக்க வேண்டும்.

பரிந்துரையை எடை போடுவதற்கு ஒரு வழி உண்டு. "என் வாழ்க்கையையே மாற்றிய புத்தகம்" என்று ஒருவர் சொன்னால், எந்த இடம் என்று கேளுங்கள். இடம் சொன்னால் அவர் பேச்சை நம்பலாம். திரும்பவும் "மொத்தமுமே சார்" என்றால் கொஞ்சம் தள்ளி வையுங்கள். நீட்சேயின் தலையாய நூல் என்று ‘அதிகாரத்துக்கான வேட்கை’யை ஒருவர் நீட்டினால் இன்னும் கவனம் தேவை. அது நீட்சே முடித்து வெளியிட்ட நூலே இல்லை. அவர் விட்டுப்போன குறிப்புகளிலிருந்து, அவர் இறந்த மறு ஆண்டு 1901-இல், தங்கை எலிசபெத்தும் நண்பர் பீட்டர் காஸ்டும் சேர்ந்து தொகுத்து வெளியே விட்டது. நீட்சேயில் ஆரம்பிக்க என்னைக் கேட்டால் ‘விக்கிரகங்களின் அந்திப்பொழுது’தான். 1888-இல் எழுதிய சின்ன நூல், தன் சிந்தனையின் சுருக்கமாக அவரே நினைத்து எழுதியது. ஜராதுஷ்ட்ராவோடு ஆரம்பிப்பவர்கள் பாதி வழியில் நிற்பதில் ஆச்சரியமே இல்லை.

கிரேக்கத்திலிருந்து வரிசையாக வந்தால்தான் புரியும் என்று ஒரு கட்சி எப்போதும் இருக்கும். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. பிளேட்டோ வேண்டும் என்றால் சாக்ரடீஸ் நீதிமன்றத்தில் பேசும் ‘அப்பாலஜி’யை ஒரே உட்காரலில் முடித்துவிடலாம், அதற்கு முன்னால் யாரையும் படித்திருக்கத் தேவையில்லை. ஆனால் கான்ட் விஷயத்தில் அந்தக் கட்சிக்காரர்கள் சொல்வது நியாயம். ஸ்காட்லாந்துத் தத்துவவாதி ஹ்யூம்தான் தன்னைத் தூக்கத்திலிருந்து எழுப்பினார் என்று கான்ட்டே எழுதியிருக்கிறார், ஹ்யூமைத் தொடாமல் 1781-இல் வந்த ‘தூய அறிவின் விமர்சனம்’ என்ற பெரிய நூலுக்குள் குதித்தால் அவர் யாருக்குப் பதில் சொல்கிறார் என்பதே பிடிபடாது. அது அந்தக் காலத்து ஆட்களுக்கும் விளங்கவில்லை, அதனால்தான் இரண்டு வருஷம் கழித்து ‘புரோலெகோமினா’ என்று சின்னதாக ஒன்று எழுதினார். அதிலிருந்து தொடங்குங்கள்.

பிடித்தவரிடம் மட்டும் கேட்காமல் பிடிக்காதவரிடமும் கேளுங்கள். ‘லோலிதா’ எழுதிய நபக்கோவுக்கு தஸ்தயேவ்ஸ்கியைக் கண்டாலே ஆகாது. டால்ஸ்டாயைத் தலையில் வைத்துக் கொண்டாடிய அவர் தஸ்தயேவ்ஸ்கியை உணர்ச்சியைக் கொட்டும் சராசரி எழுத்தாளர் என்று தான் பாடம் நடத்திய வகுப்பிலேயே சொல்லிவந்தார். அவர் சொல்லும் காரணங்களைப் படித்துவிட்டு, "இதெல்லாம்தானே எனக்குப் பிடிக்கும்" என்று உங்களுக்குத் தோன்றினால், அதைவிட நல்ல பரிந்துரை கிடைக்காது.

இனி வாக்குவாதம். இங்கேதான் பெரும்பாலும் எல்லாம் கெட்டுப்போகிறது.

முதல் சிக்கல், பாத்திரம் பேசுவதை எழுத்தாளர் தலையில் கட்டுவது. "கடவுள் இல்லையென்றால் எல்லாமே செய்யலாம் என்று தஸ்தயேவ்ஸ்கி சொல்லியிருக்கார்" என்று எத்தனை பேர் எழுதுகிறார்கள்! அவருடைய ‘கரமசோவ் சகோதரர்கள்’ நாவலில் அது சகோதரர்களில் ஒருவனான இவானுடைய கருத்தாக வருவது. அந்த இவானின் வாதங்களுக்குப் பதிலாகத்தான் அடுத்துவரும் துறவி ஜோசிமாவின் பகுதியை எழுதுவதாக தஸ்தயேவ்ஸ்கி கடிதங்களில் சொல்கிறார். பதில் எடுபட்டதா என்பது வேறு விவாதம், போட வேண்டிய சண்டையும் அதுதான் (எனக்கு எடுபடவில்லை, இவான்தான் ஜெயிக்கிறான்). வலுத்தவனுக்குச் சாதகமானதே நீதி என்ற வரியை பிளேட்டோ சொன்னதாகப் பகிர்பவர்களும் உண்டு. குடியரசின் முதல் பகுதியில் அதைச் சொல்பவன் சாக்ரடீஸோடு வாதாடும் திராசிமாகஸ், மிச்சப் புத்தகம் மொத்தமும் அவனுக்கு மறுப்பு. காம்யுவை இருத்தலியல்வாதி என்று முத்திரை குத்தி அடிப்பவர்களும் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: 1945-லேயே அவர் நான் அப்படி இல்லை என்று பேட்டியில் சொல்லிவிட்டார். அவர் சொன்னதாலேயே அது முடிந்துபோகாது, ஆனால் அந்த மறுப்பைத் தாண்டி உங்கள் வாதத்தை நிறுவ வேண்டிய பொறுப்பு உங்களுடையது.

ஒரு கிளாசிக்கைத் திட்டுவது எப்படி என்று கற்க இரண்டு நல்ல உதாரணங்கள் இருக்கின்றன. ஒன்று டால்ஸ்டாய். ஷேக்ஸ்பியர் பெரிய எழுத்தாளரே இல்லை என்று 1906-இல் வெளியான கட்டுரையில் அடித்துச் சொன்னார். ஆனால் சும்மா சொல்லவில்லை. ரஷ்யன், ஆங்கிலம், ஜெர்மன் என்று திரும்பத் திரும்பப் படித்துவிட்டு, ‘லியர் அரசன்’ நாடகத்தைக் காட்சி காட்சியாக எடுத்து வைத்துக்கொண்டு கேட்டார்: இவன் ஏன் இப்படிப் பேசுகிறான், அவனுக்கு இது எப்படித் தெரியாமல் போகும்? அதற்கு 1947-இல் ஜார்ஜ் ஆர்வெல் எழுதிய பதில் இன்னும் சுவாரசியம். ‘டால்ஸ்டாய்க்கு ரசனை இல்லை’ என்று அவர் தள்ளிவிடவில்லை. ஒரு கவிஞன் நல்லவன் என்று நிரூபிக்கவே வழியில்லை, காலம் தாண்டி நிற்கிறானா என்பதுதான் சோதனை என்று முதலில் ஒப்புக்கொள்கிறார். பிறகு, இத்தனை நாடகம் இருக்க ஏன் குறிப்பாக லியர் மேல் இவ்வளவு கோபம் என்று கேட்டு, சொத்தையும் பட்டத்தையும் துறந்து, நினைத்த நிம்மதி கிடைக்காமல் போன கிழவர் என்று டால்ஸ்டாயையே லியருக்குப் பக்கத்தில் நிறுத்துகிறார். யார் பக்கம் நின்றாலும் சரி, இரண்டு கட்டுரையையும் அடுத்தடுத்துப் படியுங்கள்.

இரண்டாவது, நைஜீரிய எழுத்தாளர் சினுவா அச்செபே. 1975-இல் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழகத்தில் பேசும்போது கான்ராடின் ‘இருளின் இதயம்’ ஆப்பிரிக்கர்களை மனிதர்களாகவே பார்க்கவில்லை, கான்ராட் ஓர் இனவெறியர் என்றார். அவர் ஆதாரமாகக் காட்டியது நாவலின் வரிகளை: ஆப்பிரிக்கப் பாத்திரங்களுக்கு எத்தனை முறை பேச்சு கொடுக்கப்படுகிறது, அது என்ன பேச்சு. ‘அந்தக் காலம் அப்படி’ என்ற ஒரு வரியை வைத்து இதைத் தாண்டிவிட முடியாது. கதையைச் சொல்பவன் மார்லோ என்ற பாத்திரம்தானே, கான்ராட் இல்லையே என்று கேட்கலாம். அது நியாயமான எதிர்க்கேள்வி, அச்செபேயும் அதை முன்கூட்டியே எடுத்துப் பேசியிருக்கிறார். ஆகவே நீங்கள் கேட்க நினைக்கும் கேள்வி ஏற்கெனவே பதில் சொல்லப்பட்டதா என்று பார்த்துவிட்டு இறங்குங்கள்.

"முழுசாப் படிச்சிட்டு வந்து பேசு" என்று வாயடைப்பவர்களிடம் பயப்பட வேண்டாம். நூறு பக்கம் படித்தவர் நூறு பக்கத்தைப் பற்றித் தாராளமாகப் பேசலாம், முடிவைப் பற்றி மட்டும் பேசக்கூடாது. இதை முதல் வரியிலேயே சொல்லிவிட்டால் பாதிச் சண்டை குறையும்.

கடைசியாக, நல்ல பரிந்துரை தந்தவரிடம் திரும்பிப் போங்கள். இதை யாரும் செய்வதில்லை. ‘படிச்சேன், சூப்பர்’ என்று சொன்னால் அவருக்கு ஒன்றும் கிடைக்காது. ‘நீதிமான்கள் நாடகத்தில் புரட்சிக்காரி டோரா பேசும் இடம்வரை நன்றாக இருந்தது, அதற்குப் பிறகு எல்லோரும் ஒரே குரலில் பேசுவதுபோல் இருந்தது’ என்று சொல்லிப் பாருங்கள், அவர் மறுத்துப் பேசுவார், நீங்களும் பேசுவீர்கள், அந்தப் பேச்சு முடிவதற்குள் அடுத்த புத்தகத்தின் பெயரும் அதில் தானாகவே வந்து விழும்.