வெற்றுத் தாள்கள் அச்சாகி வீணானதைச் சரிசெய்த விதம்: என் அனுபவம்

அலுவலகத்தில் காகித விரயத்தைக் குறைக்கும் பொறுப்பு என்னிடம் வந்தபோது, பிரிண்டர் அருகிலிருந்த கூடையில் ஓர் எழுத்துகூட அச்சாகாத ஏ4 தாள்கள் குவிந்து கிடந்தன. 80 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 80 கிராம்) ஏ4 தாள் ஒன்று ஏறத்தாழ 5 கிராம் இருக்கும் என்பதால் கூடையை எடைபோட்டுப் பார்த்தேன். ஒரு வாரத்தில் 2 கிலோ, அதாவது சுமார் 400 தாள்கள்.

முதலில் இருபக்க அச்சை இயல்புநிலையாக்கினேன். ஒரு பக்க அறிக்கைகளில் வெற்றுப் பக்கம் தாளின் பின்புறத்தில் ஒளிந்துகொண்டதால், சிக்கல் தீர்ந்ததென்று இரண்டு நாள் ஏமாந்தேன். இரண்டு பக்க அறிக்கைகளுக்கு மூன்றாவது பக்கமாக வெற்றுத் தாள் வந்துகொண்டேதான் இருந்தது. பிரிண்டரை இயக்கும் மென்பொருளான டிரைவரை நீக்கி மீண்டும் நிறுவியதும் வீண்வேலை.

பிறகுதான், அன்றாட இருப்பு அறிக்கையை எக்செலில் இருந்து அச்சிடும்போது மட்டுமே இது நிகழ்வதைக் கவனித்தேன். பயன்பாட்டிலுள்ள கடைசிக் கட்டத்திற்குப் போக கண்ட்ரோல், எண்ட் விசைகளைச் சேர்த்து அழுத்தியதும், அட்டவணைக்கு வெகு தொலைவில் வலப்புறமிருந்த ஒரு கட்டத்திற்குக் கர்சர் தாவியது. பார்வைக்குக் காலியான அந்தக் கட்டத்தில் ஓர் இடைவெளி இருந்தது; எக்செல் அதையும் உள்ளடக்கமாகக் கருதி, அதற்காகவும் பக்கம் அச்சிட்டிருக்கிறது. யாரோ பழைய எண்ணை டெலீட் விசையால் அழிக்காமல் ஸ்பேஸ் பாரைத் தட்டி மறைத்திருக்கிறார்கள். தினமும் முந்தைய நாள் கோப்பையே நகலெடுத்துப் பயன்படுத்தியதால், அந்த இடைவெளியும் கூடவே வந்துகொண்டிருந்தது.

அட்டவணைக்கு வலப்புறமிருந்த நெடுவரிசைகளை முழுவதுமாக நீக்கி, அச்சுப் பரப்பை வரையறுத்து, கோப்பைச் சேமித்தேன். மறுநாளிலிருந்து அந்த அறிக்கை ஒரே தாளின் இருபுறமும் அடங்கிவிடுகிறது.